சுவாமிமலைத் தூணும், குதிக்காத ஒல்லாந்துப் பெண்ணும்

ஒன்பது வயதில் திருகோணமலையை விட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் உங்கள் அம்மா மலையுச்சிக் கல்தூணைக் காட்டி, காதலன் கைவிட்டுக் கப்பலேறியதால் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அங்கிருந்து கடலில் குதித்து மாண்டாள் என்று சொல்வாராம். இப்போது உங்கள் மகள் பள்ளிக்கூடத்துக்காக ஊர்க்கதை ஒன்று கேட்கிறாள். அதைத் தேடப்போன இடத்தில் யாரோ ஒருவர், அவள் குதிக்கவில்லை, தகப்பனே ஆள்வைத்துத் தள்ளிவிட்டான் என்று சொல்ல, குழம்பிப் போயிருக்கிறீர்கள். அது தற்கொலையா, கொலையா என்பது உங்கள் முதல் கேள்வி. கோயில் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகே பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டும் மரம் இன்னும் நிற்கிறதா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் இல்லை. பிரான்சினா வான் ரீடே என்ற அந்த ஒல்லாந்துப் பெண் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையில் சாகவே இல்லை. ஆனாலும் அந்தத் தூணுக்குப் பின்னால் மெய்யான குற்றமொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடித்தால் பாதியோடு விட்டதாகிவிடும் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் என் அம்மம்மா. வெள்ளிக்கிழமை மாலையில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலைக் கடப்பேன். உள்ளே ஆலமரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். கையில் இருக்கும் கச்சான் சுருளை மானுக்கு நீட்டினால் அம்மம்மா விடமாட்டார். 'முதலில் கோணேசர், பிறகு மான்' என்பார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இடத்தில் கதை தொடங்கும். அவருடைய கதையில் கப்பல் காற்றுக்குத் தக்கபடி பாய் திருப்பித் திருப்பி மலையடிக்கு இரண்டு தடவை வரும். முதல் தடவை அவள் கைகாட்டுவாள்; அவன் பாராதவன்போல் நிற்பான். இரண்டாம் தடவை கப்பல் நெருங்கும்போது கூந்தலை அவிழ்த்துவிட்டுக் குதிப்பாள். கூந்தல் அவிழ்ப்பது கண்ணகியிடமிருந்து வந்தது என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் புரிந்தது. எங்கள் கிழக்குக் கரையெங்கும் கண்ணகி அம்மன் கோயில்கள்; வைகாசி பிறந்தால் வழக்குரை படிக்கும் ஊர்கள். அநியாயம் இழைக்கப்பட்ட பெண் என்றால் எங்கள் கிழவிகளுக்கு ஒரே உருவம்தான் மனத்தில் எழும். ஒல்லாந்துப் பெண்ணுக்கும் அந்தக் கூந்தலையே கொடுத்துவிட்டார்கள்.

கதை ஏட்டிலும் ஏறியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட பெரிய நூலில் இது வருகிறது. நிச்சயிக்கப்பட்ட அதிகாரி சேவைக்காலம் முடிந்ததும் சொல்மாறி ஐரோப்பாவுக்குக் கப்பலேறினான், கப்பல் மலையைக் கடக்கையில் அவள் பாய்ந்தாள் என்பதே அவர் தரும் சுருக்கம். அதன்பிறகு வந்த பயணிகள் பலரும் அதையே எடுத்து எழுதினார்கள். தூணில் பொறித்த ஆண்டு 1687. டெனன்ட் எழுதும்போது 172 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இத்தனை இடைவெளி விட்டு வரும் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் அப்படியே எடுத்துக்கொள்ளாது.

ஆகவே தூணிடமே போய்க் கேட்போம். இளைஞனாக இருந்த காலத்தில், ஒல்லாந்து மொழி சற்றுத் தெரிந்த பாதிரியார் ஒருவரோடு ஒருமுறை அங்கே போனேன். உப்புக்காற்று தின்று எழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. கண்ணால் படித்ததைவிட விரலால் தடவிப் படித்ததே அதிகம். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி விளக்கினார். முதல் வரியின் பொருள் 'நினைவாக'. அடுத்து அவளுடைய பெயர். அதன்பின் ஊர்க்கதைக்காரர்கள் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு சுருக்கெழுத்தும், மைட்ரெக்ட் என்ற பெயரும். கடைசியில் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும், 'ஒப்ஹெரெக்ட்' என்ற சொல்லும். அந்தச் சொல்லின் பொருள் 'நாட்டப்பட்டது'. பிறந்தாள் என்றோ இறந்தாள் என்றோ ஒரு சொல்லும் அங்கே இல்லை.

இனி ஒரு துப்பறிவாளரைப் போல யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் 24 அவள் குதித்த நாள் என்பதுதான் ஊர்க்கதை. தூணோ, அது தூண் நாட்டிய நாள் என்கிறது. குதித்த அன்றைக்கே கல் செதுக்கி, எழுத்து வெட்டி, மலையுச்சியில் நிறுத்திவிட முடியுமா? இன்னொன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தற்கொலை பெரும் பாவம். அப்படி இறந்தவர்களுக்கு மரியாதையான அடக்கம்கூட மறுக்கப்பட்ட காலம் அது. கோட்டைக்குள், எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில், பெயரோடும் பட்டத்தோடும் அப்படி ஒரு பெண்ணுக்கு அன்று கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்து வணிகக் கம்பெனிக்காரர்கள் தூண் நாட்டினார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

அந்தச் சுருக்கெழுத்துக்கு வருகிறேன். அதன் முதல் எழுத்தை ஆங்கிலம் படித்தவர்கள் 'எல்' என்று படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நின்றார்கள். அது 'ஐ'. அந்தக் காலத்தில் அதே எழுத்து 'ஜே'யாகவும் நின்றது. அப்படிப் படித்தால் 'சீமாட்டி' என்று பொருள்படும் ஒல்லாந்துச் சொல்லின் சுருக்கம் அது. மைட்ரெக்ட் என்பது நெதர்லாந்தில் உள்ள ஓர் ஊர். அதன் பிரபு என்ற பட்டம் அந்த நாளில் ஹென்ட்ரிக் வான் ரீடே என்பவரிடம் இருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். கொச்சியில் ஒல்லாந்துக் கம்பெனியின் தளபதியாக இருந்தபோது மலையாள நாட்டு மூலிகைகளையும் மரங்களையும் உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு திரட்டி, 12 பாகங்களில் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலை வெளிக்கொண்டுவந்தவர் இவரே. முதல் பாகம் 1678இல் வந்தது. 1684இல் கம்பெனி இவரை உயர் ஆணையாளராக்கி, இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த கம்பெனி அதிகாரிகளின் ஊழலை விசாரிக்க அனுப்பியது. மணமுடிக்காதவர். பிரான்சினா அவருடைய வளர்ப்பு மகள். சூரத்துக்குப் போகும் வழியில் 1691 டிசம்பர் 15 அன்று கப்பலிலேயே அவர் இறந்தார். சூரத்தில் ஒல்லாந்தர் இடுகாட்டில் அவருக்கு எழுப்பிய பெரிய சமாதியை இன்றும் காணலாம்.

பிரான்சினாவோ, நம் தூண் நாட்டப்பட்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திருமணம் செய்துகொண்டதாக நெதர்லாந்து அரச ஆவணக் காப்பகத்தின் குறிப்பு சொல்கிறது. செத்தவள் கலியாணம் செய்வதில்லை. குதித்ததும் இல்லை, தள்ளியதும் இல்லை.

அப்படியானால் தூண் எதற்கு என்று உங்கள் மகள் கேட்பாள். என் கருத்தைச் சொல்கிறேன். ஊழல் விசாரிக்க வந்த பெரிய அதிகாரியின் மகளுடைய பெயரைக் கல்லில் பொறித்து, அவர் மனம் குளிர வைக்க எந்தக் கோட்டை அதிகாரிதான் விரும்பியிருக்கமாட்டார்? அல்லது அந்தக் குடும்பமே தன் நினைவாக நாட்டியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அது உயிரோடிருந்த ஒருத்தியின் பெயர்.

இப்போது அந்த மெய்யான குற்றத்துக்கு வருகிறேன்.

அந்தத் தூண், இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களில் ஒன்று என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். அது நிற்கும் உச்சி, பழைய கோயில் நின்ற இடம். போர்த்துக்கேயர் எழுதிவைத்தபடி சுவாமிமலையில் கோயில் ஒன்றல்ல, மூன்று இருந்தன: முனையில் ஒன்று, இடையில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. ஆயிரங்கால் கோயில் என்றே அவர்கள் அதை அழைத்தார்கள். திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று பாடிய கோணமாமலை அதுதான்.

1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாள். சுவாமி வீதியுலாவுக்காக ஊருக்குள் எழுந்தருளியிருந்தார். மக்களும் கூடவே போய்விட்டார்கள். ஆளொழிந்த கோயிலுக்குள் போர்த்துக்கேயப் படைவீரர்கள் பூசகர் வேடத்தில் நுழைந்தார்கள் என்பது எங்கள் மரபு. தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. சூறையாடிய பிறகு கோயிலை இடித்துக் கற்களைக் கடலில் உருட்டினார்கள். மிஞ்சிய கற்களால் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டார்கள். இன்றும் அது இராணுவ முகாம். கோயிலுக்குப் போகிறவர்கள் அதன் வாசலால்தான் போக வேண்டும்.

அடுத்த தடவை வரும்போது அந்த வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வலப்பக்கம் இடப்பக்கம் என்று தேடாமல் நிலைக்கற்களை மெதுவாகப் பாருங்கள். பாண்டியரின் இரட்டைக் கயல் ஒரு கல்லில் தெரியும். சிதைந்த தமிழ் எழுத்துகளோடு இன்னொரு கல்லும் உண்டு. 'முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' என்று தொடங்கும் பாடல் அது. குளக்கோட்டன் கோயிலைத் திருப்பணி செய்தவன், கந்தளாய்க் குளத்தைப் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தவன் என்று நாங்கள் கேட்டு வளர்ந்த மன்னன். பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், கோயிலைப் பிரிப்பான், அவனுக்குப் பின் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் வந்து ஆள்வார்கள் என்று நீளும் பாடல் அது. நடக்கப்போவதை முன்பே கண்டு சொன்ன தீர்க்கதரிசனம் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். என் மனம் வேறு விதமாகச் சொல்கிறது. கோயிலை இழந்த ஒருவர், இழப்பைத் தாங்க ஒரே வழியாக, இதெல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்று எழுதிவைத்திருக்க வேண்டும். இந்தப் பாடலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத மனிதரின் துக்கம்தான் தெரிகிறது.

இடித்தவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட முடியவில்லை. பூசகர்களும் அடியார்களும் திருவுருவங்கள் சிலவற்றை முன்கூட்டியே மறைத்துவிட்டார்கள். பக்கத்து ஊரான தம்பலகாமத்தில் ஆதிகோணேஸ்வரம் கோயில் எழுந்தது அந்தத் தப்பித்தலால்தான். வேறு சில மண்ணுக்குள் போயின. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மண்வெட்டியில் உலோகம் தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தார்கள். அன்று ஊரே திரண்டது என்று என் அப்பா சொல்வார். மண்ணில் 300 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த மேனியில் கண்ணும் மூக்கும் அழியாமல் இருந்தன என்று சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவருடைய குரல் தழுதழுக்கும்.

1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடினார்கள். கடலடியில் செதுக்கிய கற்களும் தூண் துண்டுகளும் பாசி படர்ந்து கிடப்பதைக் கண்டு படமெடுத்தார்கள். கிளார்க் அடுத்த ஆண்டே அதை நூலாக எழுதினார். பிறகு வில்சன் கடலிலிருந்து லிங்கம் ஒன்றையும் மீட்டார். இங்கிலாந்தில் பிறந்த அந்த மனிதர் பின்னாளில் சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு துறவியாகவே வாழ்ந்தார். 1963 மார்ச் 3 அன்று புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கோயில் இல்லாத இடைக்காலத்திலும் வழிபாடு அறவில்லை என்பதுதான் எனக்கு மிகப் பெரிய செய்தி. ஆங்கிலேயர் காலப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள்: மாலைப்பொழுதில் பூசகர் ஒருவர் செங்குத்தான பாறை விளிம்பில் இறங்கி நின்று, பூவும் வெற்றிலையும் தேங்காயும் கடலுக்குப் படைத்து, கர்ப்பூரம் காட்டுவார், பின்னால் மக்கள் கைகூப்பி நிற்பார்கள். கோயில் கடலுக்குள் இருக்கிறது என்றால் கடலையே கும்பிடுவோம் என்று 300 ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியோடு தூணைப் பாருங்கள். நடக்காத ஒரு சாவுக்காக நாம் தலைமுறை தலைமுறையாக இரங்கிய கல், நடந்த ஓர் அழிப்பின் தடயமாக நம் கண்முன்னே நிற்கிறது. அம்மம்மா அந்தத் தூணைக் காட்டியபோது கோயில் இடிந்த கதையைச் சொன்னதில்லை. காதல் கதையைத்தான் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவரிடம் இல்லை, கதைகள் பிழைக்கும் விதத்தில்.

கோட்டைக்குள் இன்னொரு கதையும் உண்டு. உங்கள் மகளுக்கு அதையும் சொல்லலாம். பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி நெப்போலியனை வென்ற ஆதர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் முடிவில் இங்கே வந்து தங்கினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. நோய் கண்டு இங்கேயே படுத்துவிட்டதால் போகவேண்டிய கப்பலைத் தவறவிட்டார், கப்பல் மூழ்கி எல்லோரும் இறந்தார்கள், திருகோணமலைக் காய்ச்சல் உலக வரலாற்றையே மாற்றியது என்று பெருமையாகச் சொல்வோம். நோய் உண்மை, சுசானா என்ற கப்பல் மூழ்கியதும் உண்மை. ஆனால் அவர் படுக்கையில் விழுந்தது பம்பாயில். 1801 தொடக்கத்திலேயே திருகோணமலையிலிருந்து புறப்பட்டுவிட்டார்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள சீனன்குடா எண்ணெய்த் தாங்கியின் கதையும் இப்படித்தான். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானியர் குண்டு வீசியபோது விமானம் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியில் மோதியது. தாங்கி ஏழு நாள் எரிந்தது என்பார்கள். உருகிச் சுருண்ட இரும்புத் தகடுகளை நானே பார்த்திருக்கிறேன். துணியைப் பிழிந்து போட்டதுபோல் கிடந்தன. உயிரைக் கொடுத்து மோதும் ஜப்பானியத் தற்கொலைப் படையின் வேலை அது என்பது ஊர்ப்பேச்சு. அப்படை உருவானதே 1944 அக்டோபரில். அடிபட்டு விழுந்துகொண்டிருந்த விமானத்தை அதன் விமானி கடைசி நொடியில் அங்கே திருப்பினானா என்பது அவனோடு போய்விட்டது.

ஊர்க்கதை என்றால் எல்லாம் பொய் என்றும் எண்ணிவிடாதீர்கள். மூதூர் வெள்ளைக்காரன் மரத்தின் கதையைச் சிறுவயதில் நான் நம்பவில்லை. உட்துறைமுகத்திலிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மாமா வீட்டுக்குப் போகும்போது, ஒரு வெள்ளைக்காரனை இந்தப் புளியமரத்தடியில் அரசனுடைய ஆட்கள் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோய் ஏறக்குறைய இருபது வருடம் வைத்திருந்தார்கள் என்று மாமா சொல்வார். கேலியாகத் தோன்றும். ஆனால் அது வரிக்கு வரி உண்மை. ஆன் என்ற கப்பலின் பாய்மரம் 1659 நவம்பர்ப் புயலில் முறிந்தது. பழுது பார்க்கக் கொட்டியாரத்துக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் சேர்த்து 16 பேரைப் பிடித்தார்கள். தகப்பன், மகன் இருவருக்கும் ரொபர்ட் நொக்ஸ் என்றே பெயர். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். பிடிபடும்போது 19 வயதாயிருந்த மகன், ஊர் ஊராகப் பொருள் விற்றுத் திரிந்து வழி பழகி, 1679இல் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் அவர் எழுதிய நூல்தான் கண்டி இராச்சியத்து மக்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான சாட்சியம். மரத்தடியில் 1893இல் நட்ட கல் அந்தச் செய்தியைச் சொல்லும். மாமா சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

ஒன்றை இந்த வரிசையில் சேர்க்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 'திருகோணமலை மர்மக் கொலைகள்' என்று தேடுகிறவர்கள் 2006க்கு வந்து நிற்பார்கள். அந்த ஆண்டு ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரை 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் போதிய சான்று இல்லையென்று விடுவித்தது. அவை மர்மக் கதைகள் அல்ல. நீதி கிடைக்காத வழக்குகள். பெற்றவர்கள் இருக்கிறார்கள், கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கடற்கரையில் மாலையில் நடக்கும்போது அந்த இடத்தில் என் பேச்சு தானாக நின்றுவிடும். மகள் வளர்ந்ததும் இதை அவளுக்குச் சொல்லுங்கள், ஊர்க்கதையாக அல்லாமல்.

பள்ளிக்கூடத்துக்கு எதை எழுதலாம் என்றால், பிரான்சினாவின் இரண்டு கதைகளையும் எழுதச் சொல்லுங்கள். அம்மம்மா சொன்ன கதை ஒன்று, தூண் சொன்ன கதை ஒன்று. 'நாட்டப்பட்டது' என்ற ஒரு சொல்லைச் சரியாகப் படித்ததால் ஒரு சாவு இல்லாமல் போன விதத்தைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். நான் கற்பித்த காலத்தில் எத்தனையோ தடவை இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கடைசி வாங்குப் பிள்ளைகள்கூட எழுந்து கேள்வி கேட்ட பாடம் இது.

இனி மரம். இராவணன் வெட்டுக்கு நீங்கள் அறிந்த கதைதான். நோயுற்ற தாய் கும்பிடுவதற்காக மலையோடு கோயிலைப் பெயர்த்துக்கொண்டு போக அவன் வாளால் வெட்ட, பிளவு விழுந்தது. தாய் இறந்த செய்தி வர, கன்னியாவில் வாள்முனையால் ஏழிடத்தில் ஊன்றி வெந்நீர் எடுத்துக் கருமம் செய்தான். தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்த மகனின் வெட்டுக்குப் பக்கத்தில்தான் பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள். இதை யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் அங்கே நிற்கும்போது எனக்கு அது மனத்தைத் தொடும்.

கட்டும் இடம் இருக்கிறது; தொட்டில்களும் இருக்கின்றன. போன மாதம் போனேன். விளிம்பில் கம்பி வேலி, அப்பால் 300 அடிக்கு மேல் செங்குத்து, கீழே பச்சை நீர். காற்றில் மஞ்சள் துணியும் சிவப்புத் துணியும் ஓயாமல் படபடத்தன. மரத்தால் செய்த சிறு தொட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. கீழே இருந்தவை வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தன. இளம் தம்பதி ஒன்று தொட்டில் கட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். முடிச்சு நழுவிக்கொண்டே இருக்க, பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி, வயது எழுபது இருக்கும், ஒரு சொல்லும் பேசாமல் நூலை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கொடுத்தார். அந்தப் பெண் கைகூப்பினாள். உங்கள் அம்மா உங்களுக்காகக் கட்டியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.